மூன்றாவது வரிசையில் இரண்டாவது இடம்

ருமேனியாவில் ஹங்கேரிய மொழி பேசுகிற எங்கள் அல்மாதெலெக் ஊர் ஆலயத்தில் நூற்று அறுபது பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் முப்பத்தொரு பேர். இருந்தாலும் காலி இடம் என்று ஒன்றுகூடக் கிடையாது. இதைக் கேட்டுவிட்டு யாராவது சிரித்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். எல்லா இடத்துக்கும் ஆள் இருக்கிறது. சிலர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள், சிலர் ஜெர்மனியில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். பெண்கள் பக்கத்தில் வரிசைக்கு ஒரு குடும்பம். நடைபாதை ஓரமாக உட்காருகிறவள் அந்த வரிசைக்குத் தலைவி. புதிதாக வருகிற பெண் தானாகப் போய் உட்கார முடியாது. தலைவி அவள் வீட்டு வாசலுக்குப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துத் தெரு வழியாக நடத்திக் கூட்டிவந்து, தன் பக்கத்து இடத்தில் உட்காரவைக்க வேண்டும். உட்காரவைத்துவிட்டால் அவள் அந்த வீட்டு மனுஷி. பிள்ளை பெற்றால் கோழி சூப் கொண்டுபோக வேண்டும், பன்றி வெட்டுகிற அன்று பங்கு கொடுக்க வேண்டும், செத்தால் குளிப்பாட்டி உடுத்திவிட வேண்டும். லேசுப்பட்ட காரியமில்லை. அதனாலேயே மருமகள்களுக்கு மட்டும்தான் அந்தக் கை நீளும்.

மூன்றாவது வரிசை எங்களுடையது. ஐந்து இடம், தலைவி நான். பெயர் போர்பாலா, ஊருக்குப் போரி. வயது அறுபத்தொன்று, முழங்காலுக்கு மட்டும் எண்பது. உள்பக்கத்து மூன்று இடங்களும் செத்துப்போன மாமியாருக்கும் புடாபெஸ்ட்டுக்குப் போய்விட்ட நாத்தனார்கள் இருவருக்கும். என் பக்கத்து இடம் என் மருமகள் நோயெமிக்கு. என் ஒரே மகன் சொங்கோர் அவளை நியூரம்பர்க்கில் ஏதோ நகராட்சி அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் செய்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் அந்த இடத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. நான் என்னவோ மெத்தை தைத்து, அதில் சிவப்பு நூலால் அவள் பெயரைப் பின்னி, வாரா வாரம் தூசி தட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடுவார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

இபோயா மார்ச் கடைசியில், தெருவெல்லாம் பனி கரைந்து சகதியாகக் கிடந்தபோது வந்து இறங்கினாள். எல்லைக்கு அந்தப் பக்கம், உக்ரைனில், எங்கள் மொழி பேசுகிற ஊர் ஒன்றிலிருந்து. கூடவே பதினாலு வயது மகள் டோர்கா. புருஷன் ஜூலாவை எல்லையில் விடவில்லை. சண்டை நடக்கிற நாடு, சண்டைக்கு ஆகிற வயது ஆண்கள் வெளியே வர முடியாது. பழைய வாத்தியார் வீடு பூட்டிக் கிடந்தது, அதைச் சபை அவளுக்குக் கொடுத்தது. ஊரே கொண்டுபோய்க் கொட்டியது. விறகு, உருளைக்கிழங்கு, கம்பளி, ஒரு வருஷத்துக்குக் காணுகிற பிளம் ஜாம். பால் பண்ணையில் வேலையும் கிடைத்தது. அந்த வகையில் எங்களை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமைதான் வினை வந்தது. எங்கள் போதகர் லோரான்ட் முப்பது வயதுக்காரர், நகரத்தில் வளர்ந்தவர். நன்றாகப் பிரசங்கம் செய்வார், மற்ற விஷயங்களில் விவரம் போதாது. அவர் பாட்டுக்கு இபோயாவிடம், நிறைய இடம் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்று சொல்லி, தானே அவளை நான்காவது வரிசையில் கொண்டுபோய் விட்டார். அது இர்மாவின் வரிசை. அந்த இடம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன இர்மாவின் அம்மாவுடையது. அந்த அம்மாவின் கறுப்புத் தலைத்துணி மடித்தபடி இன்னமும் அங்கே இருக்கிறது.

இர்மாவுக்கு எழுபத்துநாலு வயது. அவள் பார்த்தால் பால் திரிந்துவிடும். வந்தாள், நடைபாதையில் நின்றாள், பார்த்தாள். இபோயாவுக்குப் புரிந்துவிட்டது. தலைத்துணியைத் தொடாமல் எழுந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, கதவோரம் மாடத்துக்குக் கீழே போய் நின்றாள். ஆராதனை முடியும்வரை நின்றாள். அடுத்த ஞாயிறும் அங்கேயே நின்றாள். அதற்கு அடுத்த ஞாயிறும்.

அந்தப் பக்கத்தில் அவளுக்குத் துணையில்லாமல் இல்லை. மெக்கானிக்கின் ருமேனிய மனைவி மரியானா பதினொரு வருஷமாக மாடத்துக்கு ஏறுகிற மாடிப்படியில் உட்கார்ந்து எங்கள் பாட்டையெல்லாம் எங்களைவிட நன்றாகப் பாடுகிறாள். மெக்கானிக்குக்கு அம்மாவும் இல்லை, அக்கா தங்கையும் இல்லை, அவளைக் கூட்டிவர ஆள் இல்லை. போன வருஷம் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த நர்ஸ் ஒருத்தி தூணில் சாய்ந்துகொண்டு நிற்பாள். இவர்கள் எல்லாம் எங்கள் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தார்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இபோயா மட்டும் பழகவில்லை. அவள் நிமிர்ந்து நின்றாள். இர்மா அதைத் திமிர் என்றாள். சிலர், இன்று இருப்பாள் நாளைக்குப் போய்விடுவாள், இவளுக்கு எதற்கு இடம் என்றார்கள். மிச்சப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேறு யாராவது போய்க் கூப்பிடட்டும் என்று எல்லோரும் காத்திருந்தால் யார்தான் போவது? நானும் கண்டும் காணாமல் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் டேனெஷ் சூப்பைக் கலக்கிக்கொண்டே வாயைத் திறந்தார். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம்.

"மூணாவது வரிசையில உன் பக்கத்து இடம் சும்மாதானே கிடக்குது, போரி."

"சும்மா கிடக்கலை. நோயெமி வருவா."

அவர் சூப்பில் இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூளைப் போட்டுக் குடித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க எரிச்சல். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மே மாதம் பிறந்ததும் போதகர் ஒரு சேதி சொன்னார். பெந்தெகொஸ்தே பண்டிகை அன்று டோர்காவுக்குத் திடப்படுத்தல், சபை முன்னால் விசுவாசத்தைச் சொல்லி முதல் திருவிருந்து எடுக்கிற நாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு எங்கள் சபையில் திருவிருந்துக்கு வருகிற முதல் பிள்ளை. கேள்வி பதில் நூற்றிருபதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாளாம். ஊருக்கே சந்தோஷம். ஆனால் எங்கள் முறைப்படி பிள்ளை தன் அம்மாவின் வரிசையிலிருந்துதான் எழுந்து பீடத்துக்கு நடக்கும். அம்மா வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். அம்மாவுக்கே வரிசை இல்லையென்றால் பிள்ளை எங்கிருந்து நடக்கும்? போதகர், கதவிலிருந்து நடக்கட்டுமே, இதில் என்ன என்றார்.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, எனக்குப் பெரிய மனசு வந்துவிட்டது. பால் பண்ணையில் விடியற்காலை நாலு மணியிலிருந்து நின்று வேலை செய்துவிட்டு வருகிறவள், இங்கேயும் நிற்கிறாளே, கால் என்னத்துக்கு ஆகும் என்று நினைத்தேன். என் சமையலறையிலிருந்து நீல வர்ணம் அடித்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஆலயத்துக்குப் போனேன். கதவோரம் தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. நாற்காலி ஆடாமல் நிற்கிற இடமாகத் தேடி, கல்தரையில் ஒரு இடத்தில் கச்சிதமாகப் பொருத்தி, மேலே ஒரு மெத்தையும் போட்டேன். நோயெமியின் மெத்தை இல்லை, வேறு ஒன்று. என் வரிசையில் போய் உட்கார்ந்தபோது எனக்கு என்னைப் பற்றியே பெருமை தாங்கவில்லை.

இபோயா வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. டோர்கா ஏதோ கேட்க, அவள் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்வரிசையிலிருந்து இர்மா என் காதருகே குனிந்தாள்.

"பாவ நாற்காலியையா போட்டே அவளுக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலத்தில், நான் பிறப்பதற்கு முன்னால், கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவளையும், அடுத்தவன் புருஷனோடு போனவளையும் மூன்று ஞாயிறு கதவோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைப்பார்களாம். சபை முழுக்க அவளைக் கடந்துதான் உள்ளே போகும். நான் கேள்விப்பட்டதுதான், பார்த்ததில்லை. இர்மா பார்த்திருக்கிறாள், அவளுடைய சொந்தச் சித்தியே உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலியின் நான்கு கால்களும் தேய்த்துத் தேய்த்து அந்தக் கல்லில் நான்கு குழி விழுந்திருக்கிறது. என் நாற்காலி ஏன் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. ஆராதனை முடிந்ததும் சாப்பாட்டைக்கூடக் கவனிக்காமல் வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது பேச்சுக்குத்தான், என் முழங்காலுக்கு அது ஓட்டம். இபோயா தாழ்வாரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பைகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

நான் மன்னிப்புக் கேட்டேன். நான் யாரிடமும் லேசில் மன்னிப்புக் கேட்கிறவள் இல்லை, அதனால் தட்டுத் தடுமாறிப்போயிற்று. தரை சமமாக இருக்கிறதே என்று போட்டேன், அறிவு கெட்டவள், அந்தக் கதை நினைவுக்கே வரவில்லை என்று என்னென்னவோ உளறினேன். அவள் ஒரு ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டாள்.

"நாற்காலிக்காகப் போகலை, போரிம்மா. நீங்க நல்ல மனசோடதான் போட்டீங்கன்னு வீட்டுக்கு வந்ததுமே புரிஞ்சிடுச்சு எனக்கு. எங்க ஊர் ஆலயத்துலயும் அந்தக் குழி இருக்கு, அதான் காலு நிக்கலை" என்றாள். ஹங்கேரியில் அவளுக்கு ஒரு சித்தப்பா மகள் இருக்கிறாளாம். பெரிய நகரம், பெரிய சபை. அங்கே யாருக்கும் தனி இடம் கிடையாது, யாரும் யாரையும் பார்க்கவும் மாட்டார்களாம். டோர்கா பிடிவாதமாகக் கேட்டதால் திடப்படுத்தல் மட்டும் இங்கே முடித்துவிட்டு, பண்டிகை அன்றே மத்தியானம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் கிளம்புவதாக முடிவு.

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் நின்றாயே, எங்கேயாவது உட்கார்ந்திருக்கலாமே, இர்மா ஒருத்திக்குப் பயந்தா என்றேன்.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எங்க ஊர்லயும் கையைப் பிடிச்சுத்தான் உட்காரவைப்பாங்க. என் மாமியார் என்னை அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டாவது வரிசை, மூணாவது இடம். நான் இடமில்லாதவ இல்லை, போரிம்மா. இடத்தை விட்டுட்டு வந்தவ. யாராவது வந்து கூப்பிடுவாங்கன்னுதான் நின்னேன். ஜூலா போன்ல தினம் அதைத்தான் கேட்பாரு, உட்கார்ந்துட்டியான்னு. இன்னும் இல்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு."

நாங்கள் திமிர் என்று நினைத்தது என்ன, அவள் நின்றது எதற்காக! எங்கள் வழக்கத்தை எங்களைவிட மதித்து, கதவோரம் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுக்கு நீள வேண்டிய கை என் கைதான். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆலயத்திலும், அந்த ஸ்டூலிலும். ஏனென்றால் அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தால், என் மகன் வரப்போவதில்லை என்று நானே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று நாள் கோழிகளைத் திட்டினேன். புதன்கிழமை மத்தியானம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைப் போட்டுவிட்டு நியூரம்பர்க்குக்குப் போன் போட்டேன். சொங்கோர் வேலையில் இருந்தான், நோயெமிதான் எடுத்தாள். நலம் விசாரிக்கிற பேச்செல்லாம் எனக்கு வரவில்லை. நேரடியாகக் கேட்டேன், நீ என்றைக்காவது அந்த இடத்தில் வந்து உட்காருவாயா, மாட்டாயா என்று.

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அத்தை, இங்கே வீடு வாங்கி ரெண்டு வருஷமாச்சு. உங்க மகன்தான், அம்மா மனசு உடைஞ்சுடும், சொல்லாதேன்னாரு. ஒவ்வொரு தடவை பேசுறப்பவும் நீங்க அந்த மெத்தையைப் பத்திச் சொல்றப்போ எனக்கு உள்ளுக்குள்ள நடுங்கும். அதை யாருக்காவது கொடுத்துடுங்க, அத்தை. நாங்க வந்தா உங்க சாப்பாட்டு மேஜையில இடம் இருந்தா எங்களுக்குப் போதும்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வெளியே வந்தது என்று தெரியவில்லை. மேஜையில் எப்போதும் இடம் இருக்கும், கிறிஸ்துமஸுக்கு வந்து சேருங்கள் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். நல்ல பெண். ஒன்பது வருஷமாக நான் அவளை ஒரு பலகையோடு கட்டிவைத்திருக்கிறேன், பாவம்.

டேனெஷிடம் சொன்னேன். அவர் வெளியே போய், டிசம்பரில் வெட்ட வேண்டிய விறகையெல்லாம் அன்று சாயங்காலமே வெட்டித் தள்ளினார். வியாழக்கிழமை நான் மெத்தையிலிருந்த சிவப்பு நூலைப் பிரித்தேன். நெருக்கி நெருக்கித் தைத்திருந்தேன், கண் போய்விட்டது.

பெந்தெகொஸ்தே காலை நல்ல வெயில். ஆலயத்தின் கதவெல்லாம் பச்சைக் கிளை கட்டியிருந்தார்கள். இரண்டாவது மணி அடித்ததும் நான் புதுப் பெண்ணைக் கூட்டிவரப் போகும்போது மட்டும் கட்டுகிற கறுப்புப் பட்டுத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, ஆலயத்துக்குப் போகிற பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தேன். எங்கள் ஊரில் அது போதும். கல்யாணமே நடக்காத தெருவில் ஒருத்தி பட்டுத்துணி கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கிறாள் என்றால், ஜன்னல் திரையெல்லாம் அசையும். அசைந்தது.

வாத்தியார் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகக் கூடாது, அதுதான் முறை. மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தடவை வாசலில் மேய்ந்த கோழிதான் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது தடவை நன்றாக வந்தது. மூன்றாவது தடவை தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

இபோயா பயணத்துக்கான கால்சட்டையும் சட்டையுமாக வெளியே வந்தாள். என் தலைத்துணியைப் பார்த்ததும் நடையிலேயே நின்றுவிட்டாள்.

"போரிம்மா, நீங்க என்ன செய்யறீங்கன்னு தெரிஞ்சுதான் செய்யறீங்களா?"

"கோழி சூப்பு, பன்னிப் பங்கு, கடைசியில குளிப்பாட்டுறது. எல்லாம் தெரியும். உடுப்பை மாத்திட்டு வா, மூணாவது மணி அடிச்சுடும்."

"அது உங்க மருமகளோட இடம்."

"அவகிட்ட கேட்டாச்சு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "நாளைக்கே சண்டை முடிஞ்சா நான் எங்க ஊருக்குப் போயிடுவேன். அங்கே என் இடம் இருக்கு. உங்களை ஏமாத்தக் கூடாதில்ல."

"போ. போயிட்டு வா. ரெண்டு இடம் இருந்தா யாருக்கு நஷ்டம்?"

அவள் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தாள். கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை. டோர்கா முன்னால், நாங்கள் இருவரும் கை கோத்துக்கொண்டு பின்னால். அவள் கை சில்லென்றிருந்தது, கொஞ்சம் போனதும் சூடாகிவிட்டது. மூன்றாவது மணி அடிக்க ஆரம்பித்தது. தெருவில் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. ஆட்கள் எங்கள் பின்னாலேயே நடந்து வந்தார்கள். பத்துப் பேர், பதினைந்து பேர். என் முழங்கால் வலித்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

ஆலயப் படியில் இர்மா நின்றுகொண்டிருந்தாள், வாசலை அடைத்துக்கொண்டு.

"அது மருமகளுக்குத்தான், போரி. வழக்கம் அதுதான்."

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்ங்கிறதுதான் வழக்கம், இர்மாக்கா. யாரு கைன்னு எங்கேயும் எழுதலை. வழியை விடுங்க, பிள்ளைக்கு இன்னைக்கு விசேஷம்."

அவள் என்னைப் பார்த்தாள். இபோயாவைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. ஒரு பெண்ணை உட்காரவைக்கும்போது சபை எழுந்து நிற்க வேண்டும், அப்போதுதான் அது செல்லும். இர்மா எழாவிட்டால் பாதிப் பேர் எழமாட்டார்கள். சபை உட்கார்ந்தபடியே இருந்துவிட்டால் இபோயாவுக்கு நாற்காலி அவமானத்தைவிட அது பெரிய அவமானம்.

கதவோரத்து நாலு குழியைத் தாண்டி நடந்தோம். மூன்றாவது வரிசையின் சின்னக் கதவைத் திறந்தேன். இபோயாவை உள்ளே விட்டேன். அவள் மெத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். டோர்கா அவளுக்கு அந்தப் பக்கம், என் மாமியாருடைய இடத்தில். மாமியார் இருந்திருந்தால் என்னைக் கிழித்திருப்பாள். நான் நின்றபடி காத்திருந்தேன்.

எனக்குப் பின்னால் பலகை கிறீச்சிட்டது.

திரும்பாமலே தெரிந்துவிட்டது. நான்காவது வரிசையில் அப்படிக் கிறீச்சிடுகிற பலகை ஒன்றுதான், அதில் உட்காருகிறவளும் ஒருத்திதான். இர்மா எழுந்து நின்றாள். அடுத்த நொடி ஆலயம் முழுக்கப் பலகைகள் முழங்கின. ஆண்கள் பக்கம் டேனெஷ் எல்லோருக்கும் முன்பே எழுந்து நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

சரி, முடிந்தது, உட்காரலாம் என்று நினைத்தேன். இர்மா உட்காரவில்லை. வரிசைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து பின்பக்கம் நடந்தாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் நேராக மாடிப்படிக்குப் போய், மரியானாவின் முன்னால் கையை நீட்டினாள்.

"பதினொரு வருஷமா படியிலேயே உட்கார்ந்திருக்கே. எழுந்திரு. வீட்டு வாசலுக்கு வந்துதான் கூப்பிடணும். எனக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது, இந்தப் படியையே உன் வாசல்னு வச்சுக்கோ."

மரியானா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். இர்மா அவளை நான்காவது வரிசைக்குக் கூட்டிவந்து, தன் அம்மாவின் தலைத்துணியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் அவளை உட்காரவைத்தாள். பிறகு ஆறாவது வரிசைக்காரி எழுந்துபோய்த் தூணோரத்து நர்ஸைக் கூட்டிவந்தாள். போதகரின் சின்ன வயசு மனைவி இரண்டு வருஷமாக ஆர்கன் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தாள், அவளையும் யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். போதகர் மேடையில் நின்றபடி வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஆர்கன் வாசிக்கிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் முதல் பாட்டின் ஆரம்பத்தையே நாலு தடவை வாசித்தார். கடைசியில் மாடத்துக்குக் கீழே பச்சைக் கிளைகள் மட்டும்தான் இருந்தன. நாங்கள் அன்று பாடின பாட்டுக்குக் கூரை பெயராமல் இருந்ததே பெரிது.

டோர்கா மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து பீடத்துக்கு நடந்தாள். அவள் அம்மா என் பக்கத்தில் நின்றாள், என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டு. ஒரு கேள்விக்குக்கூடப் பிள்ளை தடுமாறவில்லை. அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு திரும்பிவந்து உட்கார்ந்த சமயம், பன்னிரண்டு மணி பஸ் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. இபோயா தலையைக்கூடத் திருப்பவில்லை.

மத்தியானம் எல்லோரும் எங்கள் வீட்டில். இர்மாவும் வந்தாள், கூப்பிடாமலேயே. கோழி சூப்புக்கு உப்புப் போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டாள். அப்போதுதான் ஜூலாவின் போன் வந்தது. இபோயா ஸ்பீக்கரில் போட்டாள். லைன் கரகரவென்று இரைந்தது. அவன் குசலம் எதுவும் விசாரிக்கவில்லை.

"உட்கார்ந்துட்டியா?"

"உட்கார்ந்துட்டேன்" என்றாள் இபோயா. "மூணாவது வரிசை. ரெண்டாவது இடம்."

போன் இரைச்சலுக்கு நடுவிலும் அவன் அழுகிறான் என்று தெரிந்தது. பிறகு பாதி விளையாட்டாகத்தான் கேட்டான், ஆண்கள் பக்கம் யாராவது கொஞ்சம் தள்ளி உட்காருவார்களா என்று.

டேனெஷ் கரண்டியைக் கீழே வைத்தார். சொங்கோருக்காக அவரும் வலது பக்கத்தில் தன்னை அடுத்த இடத்தில் யாரையும் உட்கார விட்டதில்லை. மெத்தையும் இல்லை, பெயரும் இல்லை, அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஒன்பது வருஷமாக எனக்கே அது உறைக்கவில்லை. அவர் போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"என் பக்கத்துல இடம் இருக்குப்பா. நீ வா."